ஆறரை பேருக்கு ஒரு பாக்கெட்



சூப்பர் மார்க்கெட்டிலோ தெருமுனை அண்ணாச்சி கடையிலோ 200 கிராம் மிக்சர் பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க ஓரத்தில், கண்ணாடி போட்டவர்களும் கண்ணைச் சுருக்க வேண்டிய எழுத்தில், ஒரு கட்டம் இருக்கும். ஒரு சர்விங் 30 கிராம், அதில் சுமார் 160 கிலோகலோரி என்கிற மாதிரி அச்சடித்திருப்பார்கள். 160 என்றதும் மனசுக்கு ஆறுதலாகிவிடுகிறது. பாக்கெட் கூடைக்குள் போய்விடுகிறது. ஆனால் 200-ஐ 30-ஆல் வகுத்தால் ஆறரைக்கும் மேலே வருகிறது. அந்த 160 உண்மையாக வேண்டுமானால் பாக்கெட்டைப் பிரித்து ஆறரை பேருக்கு மேல் பங்கு போட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி, டிவியில் படம், வீட்டில் இருப்பது இரண்டே பேர். படம் முடிவதற்குள் பாக்கெட்டும் முடிந்துவிடும். ஆளுக்குச் சுமார் 530 கிலோகலோரி. அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு தனி.

இதில் பொய் எங்கே என்று கேட்டால், எங்கேயும் இல்லை. கட்டத்தில் இருக்கும் எண் சரி, முன்பக்கம் போட்டிருக்கும் எடையும் சரி. இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் வேலை மட்டும் நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. கடையில் நின்றுகொண்டு அதை யார் செய்கிறார்கள்? இந்த மாதம் அந்தப் பெருக்கலைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

முதலில், ஒரு சர்விங் எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? அமெரிக்காவில் இதற்கென்று 1990-ல் ஒரு சட்டம் வந்தது. 1994 முதல் பாக்கெட் உணவுகளில் ஊட்டச்சத்துக் கட்டம் கட்டாயமானது. அந்தச் சட்டம் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தது: மக்கள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அரசு நினைக்கிறதோ அந்த அளவைப் போடக் கூடாது, ஒரு வேளைக்கு வழக்கமாக எவ்வளவு சாப்பிடுகிறார்களோ அதைத்தான் போட வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த அளவுகளை 1970-களிலும் 80-களிலும் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து நிர்ணயித்தார்கள். அதற்குள் அங்கே குளிர்பான பாட்டிலும் ஐஸ்கிரீம் கிண்ணமும் பெருத்துவிட்டன. கட்டம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. 2016-ல்தான் விதியைத் திருத்தி, ஐஸ்கிரீமுக்கு அரை கப்பாக இருந்த சர்விங்கை மூன்றில் இரண்டு பங்கு கப்பாகவும், குளிர்பானத்துக்கு 8 அவுன்ஸை 12 அவுன்ஸாகவும் உயர்த்தினார்கள். இது சிபாரிசு அல்ல, மக்கள் சாப்பிடுவது இவ்வளவு என்ற ஒப்புதல். ஆனால் புது லேபிளைப் பார்த்துவிட்டு, அரசே கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டவர்களும் உண்டு. சர்விங் என்ற எண்ணை டாக்டர் சீட்டாகப் படிக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது போலும்.

அமெரிக்க விதியில் ஒரு வேடிக்கையான சந்து இருக்கிறது. ஒரு சர்விங்கில் ஐந்து கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளலாம். அரை கிராமுக்குக் குறைவான சர்க்கரையும் அப்படித்தான். இதை வைத்து, எண்ணெயைத் தவிர வேறு ஒன்றும் பெரிதாக இல்லாத ஒரு சமையல் ஸ்ப்ரேயைப் பூஜ்யம் கலோரி என்று விற்கிறார்கள். சர்விங் எவ்வளவு தெரியுமா? கால் விநாடி அழுத்தினால் வரும் அளவு. தோசைக்கல்லில் கால் விநாடியில் விரலை எடுக்கக்கூடிய வித்தைக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு அது பூஜ்யம்தான். வாய் மணக்கப் போட்டுக்கொள்ளும் ஒரு குட்டி மிட்டாய் முக்கால்வாசிக்கு மேல் சர்க்கரை. ஒரு மிட்டாயின் எடையே அரை கிராமுக்குள் என்பதால் அதன் கட்டத்தில் சர்க்கரை பூஜ்யம் என்று வருகிறது.

நம் நாட்டு நிலவரம் வேறு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எல்லோரும் சொல்கிற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிகளில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு என்று போட வேண்டும். அதோடு, ஒரு சர்விங் நம் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும். முதல் பத்தி நம்பத் தகுந்தது. எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே 100 கிராம் என்பதால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடலாம். சிக்கல் சதவீதப் பத்தியில்தான். அந்தச் சர்விங்கின் அளவு, பொருளுக்குப் பொருள் அரசு நிர்ணயித்த பட்டியல் எதிலிருந்தும் வருவதில்லை. பெரும்பாலும் தயாரிப்பவர் சொல்வதுதான் அளவு. ஒரே மாதிரி சிப்ஸை ஒருவர் 20 கிராம் சர்விங் என்பார், இன்னொருவர் 30 கிராம் என்பார். சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் முதலாமவரின் சிப்ஸே இளைத்தது என்று எடுத்துக்கொண்டு போவார்.

சதவீதத்தில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் தேவை 2000 கிலோகலோரி என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துத்தான் அந்தக் கணக்கு. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, உடலுழைப்பு அதிகம் இல்லாத 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கிலோகலோரி போதும். அதே மாதிரி உட்கார்ந்த வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு 2110. கடும் உழைப்பாளியான ஆணுக்கோ 3470. கட்டத்தில் 20 சதவீதம் என்று போட்டிருப்பது பள்ளி ஆசிரியைக்கு 24 சதவீதம், சுமை தூக்கும் தொழிலாளிக்கு 12-ஐக்கூடத் தொடாது. இந்தப் பத்திரிகையை அதிகம் படிப்பவர்கள் பெண்கள் என்பது நமக்குத் தெரியும். சதவீதத்தைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள், அம்மா.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. நம் நாட்டில் உணவில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வேலைக்கு அஸ்திவாரம் போட்டது நம்ம குன்னூர். 1918-ல் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். பிற்பாடு அங்கே எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி கொழுகொழுவென்று முதலிடத்தில் நின்றது. மதராஸ் சாப்பாட்டு எலிதான் கடைசி. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த சாப்பாட்டுக்கு அந்த மதிப்பெண்! அந்தக் கூடத்துக்கு அடுத்து இயக்குநராக வந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1958-ல் நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதை வளர்த்தெடுத்தார். நம் வீட்டில் ராகியில் என்ன சத்து, முருங்கைக்கீரையில் என்ன சத்து என்று யாராவது சொன்னால், அந்த எண் பெரும்பாலும் குன்னூரில் தொடங்கிய வரிசையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அதே 1918-ல் அமெரிக்காவில் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். இளைப்பதற்குக் கலோரி எண்ணச் சொன்ன அந்தப் புத்தகம் அங்கே சக்கைப்போடு போட்டது. இங்கே குன்னூரில் எண்ணியதோ, ஜனங்களுக்குப் போதுமானது கிடைக்கிறதா என்று. அய்க்ராய்ட் பின்னாளில் வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவில் உறுப்பினராக இருந்தவர். பற்றாக்குறையை அளக்கப் போட்ட அட்டவணை, இன்று நம் வீட்டில் மிச்சத்தை அளக்கப் பயன்படுகிறது. 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். சென்னையிலிருக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுதான் அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது.

சரி, சமையலறைக்கு வருவோம். பாக்கெட்டைவிட அங்கேதான் நம் கண்ணளவு அதிகம் சறுக்குகிறது. அரிசிப் பையில் 100 கிராமுக்கு சுமார் 350 கிலோகலோரி என்று இருக்கும். அது பச்சையாக இருக்கும் அரிசிக்கு. தண்ணீரை உறிஞ்சி வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 130 வாக்கில்தான் வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சோற்றை நிறுத்தினால்தான் உடம்பு இளைக்கும் என்று தட்டை ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள், போனில் கணக்குப் போடும் செயலியில் ஒரு கப் சாதம் என்று தட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். செயலியின் கப் என்பது பெரும்பாலும் அமெரிக்கக் கப். அதில் வெந்த சோறு சுமார் 200 கிலோகலோரி. நம் வீட்டில் கப் என்றால் ரைஸ் குக்கரோடு வந்த கப். அதில் அரிசி 150 கிராம் பிடிக்கும். அது வெந்தால் 500-ஐத் தாண்டும். சேமியா, ஓட்ஸ், நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் லேபிள் பேசுவது உலர்ந்த நிலையில். சில காலை உணவுப் பாக்கெட்டுகளில் எதிர்ப்பக்க வித்தை நடக்கும்: புரதமும் கால்சியமும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று, பாலோடு சேர்த்து என்று ஒரு பத்தி போடுவார்கள். பசு கொடுத்ததெல்லாம் பாக்கெட் கணக்கில் ஏறிவிடும்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும் கலோரி பெரும்பாலும் அங்கேதான். எந்த எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பினாலும் 100 கிராமுக்கு 900 கிலோகலோரி. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, இத்தாலியிலிருந்து வந்த ஆலிவோ, இந்த ஒரு விஷயத்தில் எல்லாம் ஒரே ஜாதி. செக்கில் ஆட்டியதா, சுத்திகரித்ததா என்பதற்கு வேறு மதிப்பு இருக்கலாம். கலோரியில் வித்தியாசம் கிடையாது. கொலஸ்ட்ரால் இல்லை என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பதும் அப்படியே, எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருக்காது. இப்போது காலைப் பலகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன இட்லியில் 60 கிலோகலோரிக்குள்தான் இருக்கும். இட்லிப் பொடியில் குழி பண்ணி ஊற்றுகிறோமே நல்லெண்ணெய், ஒரு பெரிய ஸ்பூன், 15 மில்லி வைத்துக்கொள்ளுங்கள், அதில் 120 இருக்கிறது. இரண்டு இட்லிக்குச் சமம். எண்ணெய் ஸ்பூனை விட்டுவிட்டு, மூன்று இட்லி சாப்பிட்டேன், இன்னும் ஒன்று குறைக்கணும் என்று இட்லியின் மேல்தான் பழி போடுகிறோம். எண்ணெயை விடச் சொல்லவில்லை. பொடிக்கு எண்ணெய் இல்லாமல் சாப்பிடுவதற்குச் சும்மா இருக்கலாம். ஊற்றும்போது பாத்திரத்திலிருந்து நேராகச் சாய்க்காமல் ஒரு ஸ்பூனில் எடுத்து விடுங்கள் என்றுதான்.

பாக்கெட்டின் முன்பக்கம் பேசும் பேச்சு வேறு ரகம். டைஜஸ்டிவ் பிஸ்கட் என்றால் வயிற்றுக்கு நல்லது, லேசானது என்று ஒரு நினைப்பு. சாதாரண மேரி பிஸ்கட்டின் 100 கிராம் பத்தியையும் அதன் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் டைஜஸ்டிவில்தான் கொழுப்பும் கலோரியும் கூடுதலாக இருக்கும். சிறுதானியமும் அப்படித்தான். ராகியில் 100 கிராமுக்கு 320, அரிசியில் 355 வாக்கில். கலோரியில் பெரிய தூரம் இல்லை. ராகியின் பெருமை கால்சியத்திலும் நார்ச்சத்திலும் இருக்கிறது. அதே ராகியை வெண்ணெயும் வெல்லமும் சேர்த்து குக்கீ பண்ணிவிட்டால் பெருமை கொஞ்சம்தான் மிஞ்சும். அலெக்ஸாண்டர் செர்னவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு பர்கரில் எவ்வளவு கலோரி இருக்கும் என்று சிலரிடம் கேட்டார். வேறு சிலரிடம் அதே பர்கரோடு பச்சைக் காய்த் துண்டுகளையும் வைத்துக் கேட்டார். காய் சேர்ந்தால் கூடத்தானே வேண்டும்? குறைத்துச் சொன்னார்கள். நல்லது ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தால் கெட்டதின் கணக்கும் குறைகிற மாதிரி மனசு போடும் கணக்கு அது. நம்மூரில் காயோடு வைக்கும் பர்கர் இல்லாவிட்டாலும், பிரியாணிக்குப் பக்கத்தில் வெங்காயப் பச்சடி இருக்கிறது.

நாம் சோம்பேறிகள், ஏமாளிகள் என்று இதையெல்லாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சத்தியம் பண்ணியவர்களை வைத்து, அவர்கள் எழுதிக்கொடுத்த சாப்பாட்டுக் கணக்கையும் உண்மையில் உடம்பில் சேர்ந்ததையும் ஒப்பிட்டார்கள். சராசரியாக 47 சதவீதம் குறைத்து எழுதியிருந்தார்கள். நடந்தது, ஓடியது எல்லாம் 51 சதவீதம் கூட்டி. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தாளித்த எண்ணெயும், குழந்தை தட்டில் மீந்ததை வீணாக்காமல் வாயில் போட்டுக்கொண்டதும், சாமி பிரசாதமும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிலர் நாளைக்கே தராசு வாங்கிவிடுவார்கள். லேபிளில் இருக்கும் எண்ணே ஒரு மதிப்பீடுதான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்பவர் வகுத்த கணக்கு அது: மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. இன்றைக்கும் ஏறக்குறைய அதையே வைத்துத்தான் கட்டம் நிரப்புகிறார்கள். ஆனால் உடம்பு எல்லாவற்றையும் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. 2012-ல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் பாதாமைச் சாப்பிடச் சொல்லிச் சோதித்தபோது, 28 கிராமில் 170 வாக்கில் இருக்கும் என்று எழுதப்பட்டுவந்தது உடம்பில் சேர்வது 129 மட்டுமே என்று கண்டார்கள். மெல்லும்போது உடையாத செல்களுக்குள் கொழுப்பு மாட்டிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுகிறது. அமெரிக்க விதியே, லேபிளில் சொன்னதைவிடக் கலோரி 20 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே 159-ஆ 163-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. 160-ஆ 1060-ஆ என்பதில் அர்த்தம் இருக்கிறது.

குளிர்பான பாட்டிலில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று இருந்தால் அதைக் கடந்துபோகத் தோன்றும். பாட்டில் 600 மில்லி. ஆறால் பெருக்கினால் 66 கிராம். சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு லேபிள் கணக்கில் ஒரு நாள் வரம்பு 50. கல்யாண வரவேற்பிலிருந்து வரும் வழியில் வாங்கிய ஒரே பாட்டில், ஒரே மூச்சில், நாளைய பங்கிலும் கொஞ்சத்தைச் சேர்த்துக் குடித்துவிடுகிறது. உப்புக்கும் இதே பெருக்கல். கட்டத்தில் சோடியம் என்றுதான் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு.

பெருக்கும் வேலையை நம் தலையில் கட்டாமல் செய்ய முடியாதா? முடியும் என்று சில நாடுகள் காட்டியிருக்கின்றன. சிலியில் 2016 முதல் சர்க்கரையோ உப்போ கொழுப்போ கலோரியோ வரம்பு மீறினால் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை விழுந்துவிடும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். இங்கே 2022-ல் நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் ஒரு வரைவு வந்தது. முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. நட்சத்திரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரிசு மாதிரிதான் தெரியும். என்னைக் கேட்டால், எடையும் விலையும் போடும் அதே அளவு எழுத்தில், முன்பக்கத்திலேயே, இந்தப் பாக்கெட் முழுவதும் இத்தனை கலோரி என்று ஒரே ஒரு எண் போடச் சொல்வேன். சர்விங்கைப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

அண்ணாச்சி கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் இந்த விஷயத்தில் யோக்கியம் என்பேன். உள்ளே இருப்பது ஆரோக்கியமா என்பது வேறு பேச்சு. பிரித்தால் முழுவதும் தின்றுவிடுவோம் என்று அதற்குத் தெரியும், அளவும் அதற்கேற்ப இருக்கிறது. குடும்பப் பாக்கெட் மலிவு என்று வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் சின்ன டப்பாக்களில் பிரித்துப் போட்டுவிடுங்கள். பாக்கெட்டிலிருந்து நேராகக் கொறித்தால் கைக்கு முடிவே தெரியாது. ஸ்வீட் ஸ்டாலில் தாளில் மடித்துத் தரும் கால் கிலோ காராசேவுக்குக் கட்டமே கிடையாது. எண்ணெயில் பொரித்த எந்த நொறுக்குத் தீனியும் 100 கிராமுக்கு 500-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று மனசில் வைத்துக்கொண்டால் கட்டம் இல்லாமலேயே சமாளிக்கலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதே கட்டத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும். பசி குறைந்து, இரண்டு வாய்க்கு மேல் இறங்காத தாத்தாவுக்கு, குறைந்த அளவில் நிறைய ஆற்றல் தருவது எது என்று தேடுவீர்கள். நிலக்கடலை உருண்டை அவருக்கு வரம். கலோரி என்றாலே விரோதி என்று குழந்தைகள் முன்னால், அதிலும் பெண்பிள்ளைகள் முன்னால், பேசிக்கொண்டே இருக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

இந்த இதழில் பள்ளி டிபன் பாக்ஸுக்கான பலகாரக் குறிப்புகள் எட்டுப் பக்கம் வந்திருக்கின்றன. நம் சமையல் பகுதித் தோழியர் ஒவ்வொன்றிலும் எண்ணெயை ஸ்பூன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். தேவையான அளவு என்று விடவில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலிருக்கும் பாக்கெட்டுகளில் நீங்கள் பார்த்த விசித்திரமான சர்விங் அளவு எது என்று எழுதி அனுப்புங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். என்ன பொருள், மொத்த எடை எவ்வளவு, சர்விங் என்று எவ்வளவு போட்டிருக்கிறது, உங்கள் வீட்டில் உண்மையில் எத்தனை பேர், எத்தனை நாளில் காலி செய்கிறீர்கள் என்பது போதும். ஊறுகாய் பாட்டில்களை மறந்துவிடாதீர்கள். வந்ததில் சுவையானவற்றை அடுத்த மாதம் கடிதங்கள் பகுதியில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்